தானாகத் தொடரும் கேமரா எதைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது? வீட்டிலேயே சோதித்தறியும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், ஊருக்குள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வீடுகளைப் போலவே, நிலத்தின் நடுவே ‘கொட்டாய்’ என்ற பெயரோடு தனித்து நிற்கும் வீடுகளும் ஏராளம். முன்னே வாசலும் படலும், பக்கத்தில் மாட்டுக்கொட்டகை, சற்றுத் தள்ளி மோட்டார் அறை, அதற்கப்பால் மாந்தோப்பு என்று நாலா பக்கமும் திறந்து கிடக்கும் இத்தகைய வீட்டை ஒரே கேமராவால் காத்துவிட முடியும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் சுழலும் கேமராவை வாங்குகிறார்கள். அட்டைப்பெட்டியின் மேல் ‘ஆட்டோ டிராக்கிங்’, அதாவது ஆளைத் தானாகத் தொடரும் வசதி, என்று பெரிதாக அச்சிட்டிருக்கும்.

குழப்பம் மாட்டிய சில நாட்களில் தொடங்குகிறது. முதல் நாள் வீட்டுப் பிள்ளையைத் திண்ணையிலிருந்து படல் வரை பிசகாமல் தொடர்ந்த அதே கேமரா, நான்காம் நாள் காலையில் பார்த்தால் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. கேமரா பழுதா, பொருத்தியது தவறா, அல்லது அதன் இயல்பே அப்படித்தானா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெளிவு பெறுவது கடினம். ஆனால் அரைநாள் செலவிட்டு வீட்டிலேயே சோதித்தால் தெளிவாகத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு முதலில் உள்ளே நடப்பதை அறிய வேண்டும்.

கேமராவுக்குள் நடப்பது

சுழலும் கேமராவில் இரண்டு சிறிய மோட்டார்கள் உள்ளன. ஒன்று இடவலமாகத் திருப்புகிறது. மற்றொன்று மேலும் கீழும் சாய்க்கிறது. இவை பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார்கள். அதாவது, தொடர்ந்து சுழலாமல் சிறுசிறு படிகளாக நகர்பவை. எத்தனை படி நகர்ந்தோம் என்று எண்ணி வைத்துக்கொள்வதன் மூலமே கேமரா தன் திசையை அறிகிறது. உண்மையில் எங்கே நிற்கிறோம் என்று சரிபார்க்கும் உணர்கருவி விலை குறைந்த கேமராக்களில் பொதுவாக இருப்பதில்லை. மின்சாரம் போய் வந்ததும் கேமரா ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுழன்று முட்டி நிற்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். அது எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்குவதற்காகச் செய்யும் வேலை, பழுதன்று.

அசைவை அறிவதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

1. முந்தைய ஃபிரேமையும் (காணொளியில் அடுத்தடுத்து வரும் தனிப் படங்களில் ஒன்று) இப்போதைய ஃபிரேமையும் ஒப்பிட்டு, எந்தப் புள்ளிகள் மாறியுள்ளன என்று பார்ப்பது. இது எளிய வழி. ஆனால் தென்னை மட்டை ஆடினாலும், மேகம் கடந்து நிழல் நகர்ந்தாலும் அசைவு என்றே கொள்ளும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கேமராவே திரும்பத் தொடங்கிவிட்டால் படத்தின் எல்லாப் புள்ளிகளும் மாறிவிடுவதால், ஆள் நகர்ந்தது எது, தான் நகர்ந்தது எது என்று பிரித்தறிய அதற்கு இயலாது. சில கேமராக்கள் சிறிது திரும்பி, நின்று, மீண்டும் பார்த்து, மீண்டும் திரும்புவதற்கு இதுவே காரணம்.

2. மனித உருவம் எப்படியிருக்கும் என்று ஏராளமான படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட மென்பொருள், ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த வடிவத்தைத் தேடுவது. கேமரா சுழலும்போதும் இது ஓரளவு வேலை செய்யும். ஆனால் இது பார்ப்பது வடிவத்தைத்தான், உயிரை அன்று. கட்டி முடியாத வீட்டில் தொங்கும் திருஷ்டி பொம்மையும், கொல்லையில் சட்டை மாட்டி நிறுத்திய வைக்கோல் பொம்மையும், சுவரில் ஒட்டிய ஆளுயரச் சுவரொட்டியும் அதன் கண்ணுக்கு ஆளாகத் தோன்றக்கூடும்.

உருவம் கிடைத்ததும், அது படத்தின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டு, அந்த விலகலுக்கு ஏற்ப மோட்டாருக்குக் கட்டளை பிறக்கிறது. திரும்பிய பின் மறுபடியும் தேடல், மறுபடியும் கணக்கு, மறுபடியும் கட்டளை. சிறு விலகலுக்கெல்லாம் துடித்துக்கொண்டிருக்காமல் இருக்க, நடுப்பகுதியில் ஆள் இருக்கும்வரை அசையாதிருக்கும்படி அமைத்திருப்பார்கள். ஆள் நின்றாலோ மறைந்தாலோ சில நொடிகள் காத்திருந்து, நாம் முன்பே குறித்துவைத்த தொடக்க நிலைக்கு, அதாவது ‘ஹோம் பொசிஷனுக்கு’, திரும்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒரே குறைதான்: கேமரா ஆளை விட்டுவிட்டது.

தொலைவும் வேகமும்: ஓர் எளிய கணக்கு

ஒருவர் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார் என்பது மோட்டாருக்குப் பொருட்டில்லை. ஒரு நொடிக்கு எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்பதே பொருட்டு. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டராக, கேமராவுக்குக் குறுக்கே நடப்பவர் 10 மீட்டர் தொலைவில் இருந்தால் நொடிக்கு 8 டிகிரி திரும்பினால் போதும். அவரே 3 மீட்டரில் நடந்தால் 27 டிகிரி. 2 மீட்டரில் 40 டிகிரி. கிட்டே வர வர வேலை கடுமையாகிறது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. தொலைவில் இருப்பவரைத் தொடர்வதுதான் கடினம் என்று எண்ணியிருப்பார்கள்.

உங்கள் கேமராவின் வேகத்தை அறிய, செயலியில் திசைப் பொத்தானை அழுத்திப் பிடித்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்ல எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். சுழலும் அளவு 350 டிகிரி, எடுத்த நேரம் 14 நொடி என்றால், வேகம் நொடிக்கு 25 டிகிரி. இனி, 80 என்ற எண்ணை (மேலே கண்ட 10 மீட்டரையும் 8 டிகிரியையும் பெருக்கி வருவது) அந்த வேகத்தால் வகுத்தால், குறுக்கே நடப்பவரை எத்தனை மீட்டருக்கு அப்பால் கேமராவால் ஈடுகொடுத்துத் தொடர முடியும் என்பது கிடைத்துவிடும். இங்கே 80-ஐ 25-ஆல் வகுக்க 3.2 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு 80-க்குப் பதில் 240 என்று கொள்ள வேண்டும், அவர் 9.6 மீட்டருக்கு உள்ளே குறுக்கே ஓடினால் மோட்டார் பின்தங்கும். மண்சாலையில் 6 மீட்டர் தொலைவில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் பைக்குக்கு நொடிக்கு 80 டிகிரி தேவைப்படும். வண்டியைத் தொடர்ந்து எண் பலகையைப் படித்துவிடலாம் என்று சுழலும் வீட்டுக் கேமராவை நம்புவது வீண்.

வேகம் தனியாக வருவதில்லை. தாமதமும் கூடவே வரும். ஆளைக் கண்டறிந்து மோட்டார் அசையத் தொடங்க அரை நொடி ஆகிறது என்று கொள்வோம். 3 மீட்டரில் நடப்பவர் அதற்குள் 13 டிகிரி நகர்ந்துவிடுவார். 80 டிகிரி அகலம் காட்டும் லென்ஸில் நடுவிலிருந்து இருபுறமும் 40 டிகிரி இருப்பதால் ஆள் இன்னும் படத்துக்குள்தான் இருப்பார். அதே கேமரா நான்கு மடங்கு ஆப்டிகல் ஜூமில் இருந்தால் முழு அகலமே 24 டிகிரியாகச் சுருங்கிவிடும். ஆள் படத்தை விட்டு வெளியே போய்விட்டிருப்பார். ஜூம் செய்துகொண்டே தொடரும் வசதியை வாசல் போன்ற நெருக்கமான இடத்தில் அணைத்து வைப்பதே நல்லது.

கேமராவுக்கு நேர் கீழே நடப்பது ஒரு தனிச் சிக்கல். தலைக்கு மேல் பறக்கும் பறவையைக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பவர், அது உச்சியைக் கடக்கும் கணத்தில் சட்டென முழுவதும் திரும்ப வேண்டியிருப்பதைப் போல, ஆள் அடியில் கடக்கும்போது கேமரா ஒரே நொடிக்குள் பாதிச்சுற்று திரும்ப வேண்டியிருக்கும். அது எந்த வீட்டுக் கேமராவாலும் ஆகாது. சுவரை ஒட்டி நடந்தால் கேமராவிடமிருந்து தப்பலாம் என்பது இதன் பொருள்.

தொடர்வது வேறு, அடையாளம் காண்பது வேறு

பாதுகாப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல்கள் (படத்தின் புள்ளிகள்) கிடைக்கின்றன என்பதைக் கொண்டு பயனை வகுத்தது. யாரோ இருக்கிறார் என்று அறிய மீட்டருக்கு 25 பிக்சல். தெரிந்தவரா என்று உணர 125. முன்பின் தெரியாதவரை ஐயமின்றி அடையாளம் காண 250. அகலத்தில் 1920 பிக்சல்கள் கொண்ட, 80 டிகிரி காட்டும் கேமராவில் இவற்றைப் பொருத்திப் பார்த்தால் முறையே சுமார் 45 மீட்டர், 9 மீட்டர், நாலரை மீட்டர் என்று வருகிறது. அதாவது மாந்தோப்பின் நடுவில் 30 மீட்டரில் நடப்பவரைக் கேமரா அழகாகத் தொடரலாம். ஆனால் மறுநாள் பதிவைப் பார்த்து, “இது இன்னார்” என்று சொல்ல முடியாது. டிஜிட்டல் ஜூம் இருக்கிற பிக்சல்களைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர ஒரு பிக்சலைக்கூடப் புதிதாகச் சேர்க்காது.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

கேமராவின் அடியிலிருந்து 3, 6, 9, 12 மீட்டர் தொலைவுகளில் வாசலில் கோலமாவால் குறுக்குக் கோடுகள் இடுங்கள். நடக்க ஒருவர், நேரம் குறிக்க ஒருவர் என இருவர் தேவை. தொடக்க நிலையைப் படலை நோக்கி அமைத்து, படலின் ஒரு கம்பம் படத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்று கைப்பேசியில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிக முக்கியமான ஒன்று: செயலியில் தெரியும் நேரலையைக் கொண்டு கேமராவை மதிப்பிடக் கூடாது. வீட்டிலிருந்து இணையம் வழியாகச் சென்று கைப்பேசிக்கு வருவதற்குள் சில நொடிகள் பின்தங்கிவிடும். சிக்னல் மெலிந்த கொட்டாய்களில் இன்னும் கூடும். அது இணையத்தின் தாமதம், கேமராவின் தாமதம் அன்று. மெமரி கார்டில் பதிவான காணொளியை எடுத்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

சோதனைகள்

1. குறுக்கு நடை. ஒவ்வொரு கோட்டின் மீதும் இடமிருந்து வலமாகவும், வலமிருந்து இடமாகவும் சாதாரணமாக நடந்து பார்க்க வேண்டும். ஒருமுறை சரியாக வந்தால் போதாது. ஒவ்வொரு கோட்டிலும் பத்து முறையாவது நடந்து, எத்தனை முறை இறுதிவரை தொடர்ந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஓடிப் பாருங்கள்.

2. நேர் நடை. படலிலிருந்து கேமராவை நோக்கி நேராக நடப்பது. கோணம் மாறாமல் உருவம் மட்டும் பெரிதாகும் இந்நிலையில் சில கேமராக்கள் அசைவையே உணர்வதில்லை. திருட வருபவர் இந்த வழியிலும் வரலாம்.

3. மறைவு. தூணுக்கோ மாமரத்துக்கோ பின்னால் ஐந்து நொடி நின்று மறுபுறம் வெளிவர வேண்டும். கேமரா காத்திருந்து மீண்டும் பிடித்துக்கொள்கிறதா, தொடக்க நிலைக்கு ஓடிவிடுகிறதா என்று பாருங்கள். கொடியில் காயும் சேலை காற்றில் ஆடும்போதும் இதையே ஒருமுறை செய்ய வேண்டும்.

4. உருவ மாற்றம். மென்பொருள் தேடுவது வடிவத்தை என்பதால், வடிவத்தை மாற்றி நடந்து பார்ப்பது மிகவும் பயனுள்ள சோதனை. மழைக்குக் கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்தவர், புல்லுக்கட்டைச் சுமப்பவர், குடை பிடித்தவர், போர்வை போர்த்தியவர், குனிந்து தவழ்பவர் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு தோப்பு வீட்டில் இதைச் செய்தபோது, 9 மீட்டர் கோட்டில் நிமிர்ந்து நடந்த இளைஞரைச் சுற்றி, ஆளைக் கண்டுகொண்டதைக் காட்டும் கட்டம் படத்தில் உடனே விழுந்தது. அவரே கூடையோடு குனிந்து உதிர்ந்த பெங்களூரா காய்களைப் பொறுக்கத் தொடங்கியதும் கட்டம் மறைந்தது, சற்று நேரத்தில் கேமரா அவரை அங்கேயே விட்டுவிட்டுப் படல் பக்கம் திரும்பிக்கொண்டது. காய் பறிக்க வரும் திருடனும் குனிந்துதான் இருப்பான். இக்குறை தெரிந்ததும் அவ்வீட்டார் கேமராவைத் தாழ்வான இடத்திலிருந்து உயரத்துக்கு மாற்றினார்கள்; கோணம் மாறிய பின் நிலைமை ஓரளவு சீரானது.

5. இருவர். ஒருவர் படலிலிருந்து கொட்டகை நோக்கிப் போக, கேமரா அவரைத் தொடர்ந்து திரும்பிய பின், மற்றவர் படல் வழியாக நுழைய வேண்டும். இதன் விளைவைக் கீழே தனியாகக் காணலாம்.

6. முட்டுக்கோடி. மோட்டார் முழு வட்டம் சுற்றாது. ஓரிடத்தில் முட்டி நிற்கும். அந்தக் கோடியை ஆள் கடந்தால், கேமரா எதிர்த்திசையில் ஏறத்தாழ முழுச்சுற்று போய்த்தான் அவரைப் பிடிக்க முடியும். நொடிக்கு 25 டிகிரி வேகத்தில் அதற்கு 14 நொடி ஆகும். எனவே முட்டுமிடம் சுவர்ப்பக்கம் அமையுமாறு பொருத்த வேண்டும். கூரையில் தொங்கவிடும்போதும் கம்பத்தில் மாட்டும்போதும் இதை மறந்துவிடுகிறார்கள்.

7. திரும்பும் துல்லியம். எல்லாச் சோதனைகளும் முடிந்த பின் கேமரா தொடக்க நிலைக்கு வந்ததும், முதலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிடுங்கள். படலின் கம்பம் இடம் மாறியிருந்தால் மோட்டார் சில படிகளை எண்ணாமல் விட்டிருக்கிறது என்று பொருள். பல்சக்கரத்தில் தூசி சேர்வது, வயர் இழுத்துப் பிடிப்பது, தேய்மானம் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். ஓயாமல் ஆள் நடமாடும் தெருவை நோக்கித் தொடரும் வசதியை நாள் முழுவதும் இயக்கி வைத்தால் இந்தத் தேய்மானம் விரைவில் வரும்.

இரவில் ஏன் தடுமாறுகிறது

பகல் சோதனையில் தேறிய கேமரா இரவில் தோற்பது வழக்கம். ஒளி குறைந்ததும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இருபத்தைந்தில் ஒரு நொடி திறந்திருந்தால், நடப்பவர் அதற்குள் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். அந்த அளவுக்கு உருவம் இழுபட்டுப் பதியும். கேமராவும் கூடவே திரும்பினால் பின்னணியும் சேர்ந்து இழுபடும். இழுபட்ட உருவத்தில் மனித வடிவத்தைத் தேடும் மென்பொருள் தவறுவது இயல்பே.

இருட்டில் பார்க்க உதவும் இன்ஃப்ராரெட் விளக்குகள் 850 நானோமீட்டர் அலைநீளத்தில் இருந்தால் மங்கலான சிவப்புப் புள்ளிகளாகக் கண்ணுக்குத் தெரியும். 940 நானோமீட்டர் என்றால் தெரியாது, ஆனால் கேமராவின் சென்சாரும் அந்த அலைநீளத்தை உணர்வது குறைவு என்பதால் எட்டும் தொலைவு சுருங்கும். சிலந்தி ஒரே இரவில் லென்ஸின் முன் கட்டும் நூல், இந்த ஒளியில் வெள்ளைக் கயிறு போல மின்னி ஆடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துளிகளும், தளி, ஓசூர்ப் பக்கத்து மார்கழிப் பனிமூட்டமும் ஒளியைத் திருப்பியடித்துப் படத்தை வெளுக்கச் செய்யும். ஆகவே எல்லாச் சோதனைகளையும் நிலா இல்லாத ஓர் இரவில், முடிந்தால் தூறலிலும், மறுமுறை செய்ய வேண்டும்.

தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் கேழ்வரகுக் கொல்லைக்கு யானை வருவதை அறியவும் இக்கேமராக்களைச் சிலர் பொருத்துகிறார்கள். மனிதரையும் வாகனத்தையும் தேடப் பழக்கிய மென்பொருளை உயிர் சார்ந்த எச்சரிக்கைக்கு நம்பக் கூடாது.

தொடரும் நேரத்தில் பார்க்காமல் போவது

ஐந்தாம் சோதனைக்கு வருவோம். கேமராவுக்கு ஒரே முகம்தான். கொட்டகைப் பக்கம் போகும் ஒருவரை அது தொடர்கிறது என்றால், அத்தனை நேரமும் படலைப் பார்க்கவில்லை என்றே பொருள். முதலாமவர் வெளிச்சத்தில் நின்று கையை அசைத்துக்கொண்டிருந்தால், இரண்டாமவர் பின்னால் நுழைந்து வேலையை முடித்துக்கொண்டு போவது பதிவாகவே ஆகாது. மனிதரே வேண்டியதில்லை, எல்லா அசைவையும் தொடரும்படி அமைத்திருந்தால் தெரு நாய் ஒன்று போதும். நிலையாக நிற்கும் கேமராவுக்கு இந்தக் குறை இல்லை. என் கருத்தில், விலையில் மலிவான நிலைக் கேமரா ஒன்றைப் படலுக்கென்றே ஒதுக்கிவிட்டு, பரந்த வாசலுக்கும் தோப்புக்கும் சுழலும் கேமராவை வைப்பதுதான் முறை. ஒன்றே வாங்க முடியும் என்பவர்கள் தொடரும் வசதியை மனித உருவத்துக்கு மட்டும் என்று சுருக்கி, தொடக்க நிலைக்குத் திரும்பும் நேரத்தைச் செயலி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவில் வைக்க வேண்டும்.

சிம் கார்டில் இயங்கும் கேமரா வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகள், முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டுமே புதிதாக எழுதுவதன் மூலம் இடத்தை மிச்சப்படுத்துகின்றன. கேமரா சுழலும்போது எல்லாமே மாறுவதால் அந்த மிச்சம் குறைந்துவிடுகிறது. டேட்டா கூடுதலாகச் செலவாகும், அல்லது அளவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தால் படம் கட்டம்கட்டமாகச் சிதையும்.

அண்டை வீடும் சட்டமும்

சுழலும் கேமரா ஆளைத் தொடர்ந்து, பக்கத்து வீட்டு முற்றத்துக்கோ, ஓலைத் தட்டி மறைப்பில் அமைந்த குளியலிடத்துக்கோ பார்வையைக் கொண்டுபோய்விடக்கூடும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்குத் தரவைக் கையாள்வதை விலக்கி வைத்துள்ளது உண்மையே. ஆனால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உடற்பகுதியை அவர் சம்மதமின்றி வேண்டுமென்றோ அறிந்தோ படம்பிடிப்பதற்கு 3 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. செயலியில் மறைப்புப் பகுதி வரையும் வசதி இருந்தால், கேமரா திரும்பும்போது அந்தக் கறுப்புக் கட்டமும் அதே இடத்தை மூடியபடி நகர்கிறதா, அல்லது படத்தின் மூலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். பின்னதாக இருந்தால் அந்த மறைப்பால் பயனில்லை. சுழலும் எல்லையையே குறைக்க வேண்டும், அல்லது லென்ஸுக்கு அருகில் ஒரு தகட்டை வைத்து மறைக்க வேண்டும்.

ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024-இல் அறிவித்து, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயப் பரிசோதனை விதிகளைப் பற்றிக் கடைகளில் சொல்வதுண்டு. அவை கேமராவுக்குள் வெளியார் ஊடுருவ முடியாதபடி பாதுகாப்பு உள்ளதா என்பதைப் பற்றியவை. அந்தச் சான்று அவசியம் பார்க்க வேண்டியதே. ஆனால் கேமரா ஆளைச் சரியாகத் தொடருமா என்பதற்கு அதில் விடை இல்லை.

கடைசிச் சோதனை: மின்வெட்டு

கேமரா தொடக்க நிலையில் இருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அது கோடிக்குக் கோடி சுழன்று முடித்த பின் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. படலை நோக்கித் திரும்பியதா, அல்லது சுழற்சி முடிந்த இடத்திலேயே நின்றுவிட்டதா.

2. தொடரும் வசதி தானாக மீண்டும் இயங்குகிறதா, அல்லது செயலியில் நாமே போட வேண்டியிருக்கிறதா.

3. தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா. இணையம் வராத நிலையிலும் மெமரி கார்டில் பதிவு தொடர்கிறதா.

தொடக்கத்தில் கண்ட, நான்காம் நாள் சுவரைப் பார்த்து நின்ற கேமராவின் குறை பெரும்பாலும் இவற்றில் முதல் இரண்டில் ஒன்றில் அகப்படும். இரவில் மின்சாரம் போய் வந்திருக்கும், வீட்டில் யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். இன்வெர்ட்டர் இருந்தால் கேமராவையும் வைஃபை ரூட்டரையும் அதே இணைப்பில் சேர்த்துவிட்டு, இந்தச் சோதனையை மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். ரூட்டரை விட்டுவிட்டுக் கேமராவை மட்டும் இணைத்தால் பதிவு நடக்கும், எச்சரிக்கை மட்டும் கைப்பேசிக்கு வராது.